விக்டோரியா அச்சகம்: எமிலி ஃபெய்த்ஃபுல்லின் தொழிலும் போராட்டமும்

அத்தியாயம் 6

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெண்ணுரிமை இயக்கம் பெரும்பாலும் மனுக்களின் வரலாறாகவும் சட்டத் திருத்தங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. மணமான பெண்களின் சொத்துரிமைக்காக ஏறத்தாழ 26,000 கையெழுத்துகள் திரட்டப்பட்டு 1856-இல் நாடாளுமன்றத்தில் மனு அளிக்கப்பட்டதும், அம்மனு அப்போதைக்குப் பயனளிக்காமல் போனதும் முந்தைய அத்தியாயத்தில் கூறப்பட்டன. கையெழுத்து திரட்டிய பெண்களுள் சிலரும் அவர்களை அடுத்து வந்த இளைய தலைமுறையினரும், சட்டம் மாறும்வரை காத்திருப்பதைவிடப் பெண்ணின் கையில் கூலி தரும் தொழில் ஒன்றை ஒப்படைப்பதே முதற் கடமை என்று கருதி, 1860-ஆம் ஆண்டை ஒட்டி நேரடியாகத் தொழில்துறையில் இறங்கினர். அவர்களுள் மிகுந்த துணிவு காட்டியவர் எமிலி ஃபெய்த்ஃபுல். பெண்களை அச்சுக்கோர்ப்பவர்களாகப் பயிற்றி லண்டனில் ஓர் அச்சகத்தை நடத்திக்காட்டிய அவருடைய வாழ்வும், அந்த அச்சகம் எதிர்கொண்ட எதிர்ப்பும், நற்பெயர் என்னும் முதலீட்டை ஒரு பெண் எத்துணை எளிதில் இழக்க நேர்ந்தது என்பதும் இவ்வத்தியாயத்தின் பொருள்.

வேலையின்றி நின்றவர்கள்

1851-இல் பிரிட்டனில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கு, ஆண்களைவிடப் பெண்கள் 5 லட்சத்திற்கும் மேல் மிகுதியாக இருந்ததை வெளிப்படுத்தியது. ஆண்கள் பெருமளவில் குடியேற்ற நாடுகளுக்கும் படைப்பணிக்கும் சென்றமையால் நேர்ந்த இவ்வேறுபாடு, ஒவ்வொரு பெண்ணும் மணம் புரிவாள், மணம் புரிந்தவள் கணவனால் காக்கப்படுவாள் என்னும் நம்பிக்கையின் மீது கட்டப்பட்டிருந்த சமூக ஒழுங்கைக் கேள்விக்கு உள்ளாக்கியது. 1859 ஏப்ரலில் 'எடின்பரோ ரிவியூ' இதழில் ஹாரியட் மார்ட்டினோ எழுதிய நீண்ட கட்டுரை, பெண்களுள் மிகப் பெரும் பகுதியினர் தம் உழைப்பாலேயே உயிர் வாழ்கின்றனர் என்பதைக் கணக்கெடுப்பின் எண்களைக் கொண்டே நிறுவியது. உண்மை அவ்வாறிருக்க, பெண்ணைப் பேணுவது ஆணின் பொறுப்பு என்ற அடிப்படையில் சட்டங்களும் தொழில் விதிகளும் வகுக்கப்படுவது முறையன்று என்பது அக்கட்டுரையின் வாதம்.

உழைக்கும் வகுப்புப் பெண்களுக்கு வீட்டுப்பணியும் ஆலை வேலையும் தையலும் இருந்தன. நடுத்தர வகுப்பில் பிறந்து, தந்தையின் மரணத்தாலோ வணிக வீழ்ச்சியாலோ ஆதரவிழந்த பெண்ணுக்கோ, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் இல்லத்திலேயே தங்கிப் பாடம் சொல்லும் 'கவர்னஸ்' வேலை ஒன்றே கண்ணியமானதாகக் கருதப்பட்டது. ஒரே வேலைக்குப் பலர் போட்டியிட்டதால் ஊதியம் தாழ்ந்தது; முதுமைக்கு எவ்விதப் பாதுகாப்பும் இல்லை. நலிந்த கவர்னஸ்களுக்கு உதவுவதற்கென்றே 1843-இல் ஓர் அறநிலையம் தோற்றுவிக்கப்பட வேண்டியிருந்தது என்பதிலிருந்து நிலைமையின் கடுமையை உணரலாம்.

இச்சிக்கலுக்கு இரண்டு விடைகள் முன்வைக்கப்பட்டன. 1862-இல் டபிள்யூ. ஆர். கிரெக் என்னும் கட்டுரையாளர் மணமாகாத பெண்களை 'மிகை' எனக் குறிப்பிட்டு, ஆண்கள் மிகுந்துள்ள குடியேற்ற நாடுகளுக்கு அவர்களைக் கப்பலேற்றி அனுப்புவதே தீர்வு என வாதிட்டார். மற்றொரு விடை, பெண்களுக்கு அடைக்கப்பட்டிருக்கும் தொழில்களின் கதவுகளைத் திறப்பது. முதல் விடை பெண்களின் எண்ணிக்கையைச் சிக்கலாகக் கண்டது. இரண்டாவது விடை தொழில்களின் குறுகிய எல்லையைச் சிக்கலாகக் கண்டது. எமிலி ஃபெய்த்ஃபுல்லின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் இந்த இரண்டாம் விடையைச் செயலில் மெய்ப்பிப்பதற்காகவே செலவிடப்பட்டது.

லாங்ஹாம் பிளேஸ் வட்டம்

எமிலி ஃபெய்த்ஃபுல் 1835 மே 27 அன்று, இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தைச் சேர்ந்த ஹெட்லி என்னும் சிற்றூரில், அவ்வூர்த் திருச்சபைப் பங்கின் குருவாகிய ஃபெர்டினாண்ட் ஃபெய்த்ஃபுல்லின் இளைய மகளாகப் பிறந்தார். லண்டனின் கென்சிங்டன் பகுதியில் பள்ளிக் கல்வி பெற்று, உயர்குடிப் பெண்களுக்குரிய வழக்கப்படி இருபதுகளின் தொடக்கத்தில் அரசவையில் அறிமுகம் செய்யப்பட்ட அவருக்கு, விருந்தும் நடனமும் நல்லதொரு வரனுமாகிய வழக்கமான பாதை திறந்தே இருந்தது. அப்பாதையை விட்டு விலகி, லண்டனில் பெண்களின் கல்விக்கும் வேலைக்கும் பாடுபட்டுவந்த ஒரு சிறு குழுவில் அவர் இணைந்தார்.

அக்குழு கூடிய இடத்தின் பெயரால் அது 'லாங்ஹாம் பிளேஸ் வட்டம்' என வழங்கப்படுகிறது. பெண்களைப் பற்றிய சட்டங்களைச் சாதாரண வாசகருக்கும் விளங்குமாறு 1854-இல் தொகுத்து வெளியிட்ட பார்பரா லீ ஸ்மித் பொடிஷானும், கவிஞரும் இதழாசிரியருமான பெஸ்ஸி ரேனர் பார்க்ஸும் அதன் மையமாக விளங்கினர். இவர்களது முயற்சியால் 1858 மார்ச்சில் 'இங்கிலீஷ் உமன்ஸ் ஜர்னல்' என்னும் மாத இதழ் தொடங்கப்பெற்றது. மார்ட்டினோவின் கட்டுரையால் தூண்டப்பட்ட ஜெஸ்ஸி பௌச்செரெட், கவிஞர் அடிலெய்ட் பிராக்டர் முதலியோருடன் சேர்ந்து, 1859-இல் பெண்கள் வேலைவாய்ப்பு வளர்ச்சிச் சங்கத்தை நிறுவினார். பெண்களுக்குக் கணக்குப் பதிவு கற்பித்தல், சட்ட ஆவணங்களைப் படியெடுக்கும் அலுவலகம் நடத்துதல் எனச் சங்கத்தைச் சார்ந்தோர் பல தொழில்களைச் சோதித்துப் பார்த்தனர். மரியா ரை என்பவர் பொறுப்பேற்ற படியெடுப்பு அலுவலகம் இவ்வகை முயற்சிகளுள் ஒன்று.

அச்சுத்தொழில் பற்றிய எண்ணமும் இச்சூழலிலேயே பிறந்தது. பெஸ்ஸி பார்க்ஸ் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தையும் சிறிதளவு ஈய எழுத்துகளையும் விலைக்கு வாங்கி, தொழில் தெரிந்த அச்சாளர் ஒருவரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார்; எமிலியும் உடன் கற்றார். எழுத்துக் கோர்ப்பது பெண்களின் ஆற்றலுக்கு உட்பட்டதே என்னும் முடிவுக்கு அவர்கள் ஊகத்தால் வரவில்லை, தம் விரல்களால் செய்து பார்த்தே வந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஈய எழுத்துகளின் தொழில்

அந்நாளைய அச்சுத்தொழிலின் இயல்பை அறிந்தாலன்றி, இம்முயற்சி ஏன் சாத்தியம் எனக் கருதப்பட்டது என்பதும், ஏன் அவ்வளவு கடுமையாக எதிர்க்கப்பட்டது என்பதும் விளங்கா. அச்சுக்கோர்ப்பவர், அதாவது கம்பாசிட்டர், சாய்வான ஒரு மரச்சட்டத்தின் முன் நின்று பணிபுரிவார். சட்டத்தின் மேல் இரண்டு எழுத்துப் பெட்டிகள் இருக்கும். மேற்பெட்டியில் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளும், கீழ்ப்பெட்டியில் சிறிய எழுத்துகளும் தனித்தனிச் சிற்றறைகளில் வைக்கப்பட்டிருக்கும். இடக்கையில் 'ஸ்டிக்' எனப்படும் சிறு உலோகத் தட்டை ஏந்தி, கையெழுத்துப் படியைக் கண்ணால் வாசித்துக்கொண்டே, வலக்கை விரல்களால் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவை தலைகீழாக அமையும்படி அவர் அடுக்குவார். ஒவ்வொரு எழுத்தின் உடலிலும் வெட்டப்பட்டுள்ள சிறு பள்ளம், எழுத்தைப் பாராமலேயே அதன் திசையை விரலுக்கு உணர்த்தும். வரி நிறைந்ததும் சொற்களுக்கு இடையே மெல்லிய ஈயத் துண்டுகளைச் செருகி அகலத்தைச் சீராக்குவார். ஸ்டிக் நிரம்பியதும் வரிகள் 'கேலி' என்னும் நீண்ட தட்டுக்கு மாற்றப்பட்டு, மெய்ப்பு எடுத்துத் திருத்தப்படும்.

இதுவரை உள்ள வேலை முழுவதும் விரல்களின் விரைவையும், எழுத்தறிவையும், இடையறாத கவனத்தையும் சார்ந்தது. இதன்பின் பக்கங்களை வரிசைப்படுத்தி இரும்புச் சட்டத்தில் இறுக்கி, தமிழ்நாட்டு அச்சகங்களிலும் 'பாரம்' என்றே வழங்கிய முழு அமைப்பாக்கி, அதைத் தூக்கிச் சென்று இயந்திரத்தில் ஏற்றுவதும், இயந்திரத்தை இயக்குவதும் உடல் வலிமையை வேண்டியவை. தொழிலின் முதற்பகுதி பெண்களால் இயலாதது என்று கூற எந்த அடிப்படையும் இல்லை என்பதே எமிலியின் நிலைப்பாடு. வரலாறும் அதற்குச் சான்று பகர்ந்தது. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில், ரிப்போலி கன்னிமாடத்து அச்சகத்தில், 1476-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே துறவியரான பெண்கள் எழுத்துக் கோர்த்திருந்தனர். ஐரோப்பாவின் பல நகரங்களில் அச்சாளர்களின் கைம்பெண்கள் கணவரின் அச்சகங்களைத் தொடர்ந்து நடத்தியிருந்தனர்.

எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் எழுத்துக் கோர்ப்பது ஆண்களின் தனியுரிமையாக இருந்தது. ஏழாண்டுத் தொழிற்பயிற்சியும் தொழிற்சங்க உறுப்புரிமையும் அதன் வாயிற்காவலர்களாக நின்றன. கோர்க்கும் எழுத்தின் அளவுக்கேற்ப, 'என்' என்னும் எழுத்தின் அகலத்தை அலகாகக் கொண்டு ஆயிரம் அலகுக்கு இவ்வளவு எனக் கூலி கணக்கிடப்பட்டது. கற்ற தொழிலாளிக்குரிய இக்கூலி தையற்பெண்ணோ கவர்னஸோ எண்ணிப் பார்க்க முடியாத அளவில் இருந்தது. பெண்களுக்கு அக்கதவைத் திறப்பது எவ்வளவு பயனுள்ளதோ, அவ்வளவு சினத்தையும் கிளப்பக்கூடியதாக இருந்ததன் காரணம் இதுவே.

கிரேட் கோரம் தெருவில்

1860 மார்ச் 25 அன்று, லண்டனின் புளூம்ஸ்பரி பகுதியிலுள்ள கிரேட் கோரம் தெருவில் விக்டோரியா அச்சகம் திறக்கப்பட்டது. எமிலிக்கு அப்போது வயது 24. சமூக அறிவியல் வளர்ச்சிக்கான தேசியச் சங்கத்தின் செயலாளர் ஜி. டபிள்யூ. ஹேஸ்டிங்ஸ் முதலீட்டில் பங்கேற்றார். 1857-இல் தோன்றிய அச்சங்கம், சட்டம், கல்வி, சுகாதாரம் ஆகியவை குறித்து ஆண்டுதோறும் மாநாடு கூட்டி, பெண்களும் கட்டுரை அளிக்க இடம் தந்த அமைப்பு. வேலைவாய்ப்புச் சங்கம் ஐந்து பெண்களுக்குத் தலைக்குப் 10 பவுண்டு பயிற்சிக் கட்டணம் செலுத்தி அவர்களைப் பயிற்சியாளர்களாகச் சேர்த்தது. மற்றவர்கள் உறவினர்களின் உதவியாலும் தாமாகவும் வந்தனர். முதல் ஆண்டு முடிவதற்குள் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே எழுத்துக் கோர்த்துக் கொண்டிருந்தனர்.

அச்சகத்தின் அமைப்பே ஒரு வாதமாக விளங்கியது. அந்நாளைய லண்டன் அச்சகங்கள் பெரும்பாலும் காற்றோட்டமற்று, எரிவாயு விளக்கின் வெப்பத்தில், நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் இடங்களாக இருந்தன. அவற்றைச் சுட்டிக்காட்டியே, பெண்ணின் உடல் இத்தொழிலைத் தாங்காது என்று மறுப்பாளர்கள் கூறினர். கேடு தொழிலின் இயல்பில் இல்லை, அது நடத்தப்படும் முறையிலேயே உள்ளது என்பதை விக்டோரியா அச்சகம் காட்டியது. ஒளியும் காற்றும் உள்ள அறைகள், சட்டத்தின் முன் அமர்ந்து கோர்ப்பதற்கேற்ற உயரமான முக்காலிகள், நண்பகல் உணவுக்குத் தனி அறை, வரையறுத்த வேலை நேரம் ஆகியவை அங்கே நடைமுறையாயின. பாரங்களைத் தூக்குதல், இயந்திரத்தை இயக்குதல் ஆகியவற்றிற்கு ஆண்கள் அமர்த்தப்பட்டனர். ஆண்களை முற்றிலும் விலக்கிய அச்சகமாக அது ஒருபோதும் இருக்கவில்லை.

1860-இல் கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற தேசியச் சங்க மாநாட்டில், அச்சகத்தின் தொடக்கம் குறித்து எமிலி ஒரு கட்டுரை அளித்தார். பெண்களின் திறமை குறித்துப் பொதுப்படையாக வாதிடுவதை விடுத்து, எவர் பயிற்சி பெறுகிறார், எவ்வகை வேலை வருகிறது, எங்கே இடர்ப்பாடு நேர்கிறது என நடைமுறையை விவரிப்பதாகவே அது அமைந்தது. அச்சகத்தை அறநிலையமாகக் கருதக் கூடாது, வேலையின் தரத்திற்காகவே வாடிக்கையாளர் வரவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இரக்கத்தால் கிடைக்கும் வேலை இரக்கம் வற்றும்போது நின்றுவிடும். திறமைக்குக் கிடைக்கும் வேலையோ தொழிலாளியுடன் எங்கும் செல்லும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். 'இங்கிலீஷ் உமன்ஸ் ஜர்னல்' இதழும், தேசியச் சங்கத்தின் மாநாட்டுத் தொகுதிகளும் அங்கேயே அச்சாயின.

எதிர்ப்பின் இரு முகங்கள்

எதிர்ப்பு விரைவிலேயே வெளிப்பட்டது. எழுத்துப் பெட்டிகளின் அறைகள் மாற்றிக் கலக்கப்பட்டன, பெண்கள் அமரும் முக்காலிகளிலும் சட்டங்களிலும் மை பூசப்பட்டது, இயந்திரங்கள் பழுதாக்கப்பட்டன. கலந்துபோன ஒரு பெட்டியைச் சரிசெய்வதென்றால் ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மீண்டும் அறை சேர்க்க வேண்டும் என்பதையும், எழுத்தெண்ணிக் கூலி பெறுபவருக்கு அந்நேரம் முழுவதும் இழப்பே என்பதையும் நினைத்துப் பார்த்தால், சிறு குறும்பெனத் தோன்றும் இச்செயல்களின் கொடுமை புலனாகும். லண்டன் கம்பாசிட்டர்களின் சங்கம் இம்முயற்சியை வெளிப்படையாகவே பகைத்தது.

இப்பகைமையின் பின்னணியில் ஆண் மேலாண்மை மட்டுமன்றி, உண்மையான ஓர் அச்சமும் இருந்தது என்பதை வரலாற்றாசிரியர் மறைக்கலாகாது. குறைந்த கூலிக்கு வேலை செய்யத் தொழிலாளர் கிடைத்தால் முதலாளிகள் அனைவரின் கூலியையும் குறைப்பார்கள் என்பது தொழிற்சங்கங்கள் பட்டறிந்த பாடம். எடின்பரோவில் கம்பாசிட்டர்கள் 1872-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தை அடுத்து, முதலாளிகள் பெண்களைக் குறைந்த கூலியில் அமர்த்தத் தொடங்கியது அவ்வச்சத்தை மெய்யாக்கியது. ஆனால் அதற்குத் தீர்வு பெண்களைச் சங்கத்தில் சேர்த்து, ஒரே வேலைக்கு ஒரே கூலி என நிலைநாட்டுவதாகவே இருந்திருக்க முடியும். பெண்களைப் பயிற்சிக்கும் விடாமல், சங்கத்திலும் சேர்க்காமல் வெளியே நிறுத்தியதன் மூலம், தாங்கள் அஞ்சிய மலிவான உழைப்பை ஆண் தொழிலாளர்களே உருவாக்கி வைத்தனர்.

சட்டமும் பெண் தொழிலாளிக்குத் துணை நிற்கவில்லை. மணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவனின் ஆளுமைக்குள் அடங்கிவிடுகிறது என்பது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் கோட்பாடு. அதன்படி மணமாகாத பெண்ணாகிய எமிலி தம் பெயரில் ஒப்பந்தம் செய்யவும், கடன் வாங்கவும், சொத்து வைத்திருக்கவும் முடிந்தது. அவரிடம் பணிபுரிந்த பெண் ஒருவர் மணம் செய்துகொண்டால், அவருடைய விரல்கள் ஈட்டிய கூலி சட்டப்படி அவருடைய கணவனுக்கே உரியதாயிற்று. உழைத்த கூலி மனைவிக்கே சொந்தம் என்னும் விதி 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது; மற்ற சொத்துகளும் அவளுக்கே உரியவை என்னும் நிலை 1882-இல் ஏற்பட்டது.

அரசியின் அச்சாளர்

அச்சகத்தின் தொழில்திறனை உலகறியச் செய்த நூல் 1861-இல் வெளிவந்த 'விக்டோரியா ரீஜியா'. அடிலெய்ட் பிராக்டர் தொகுத்த இந்நூலில் டென்னிசன், தாக்கரே, மேத்யூ ஆர்னால்ட், ஆந்தனி ட்ரோலப், ஹாரியட் மார்ட்டினோ முதலியோரின் படைப்புகள் இடம்பெற்றன. அன்றைய இங்கிலாந்தின் முதல் வரிசை எழுத்தாளர்கள் தங்கள் ஆக்கங்களைப் பெண்களின் அச்சகத்திற்கு அளித்ததும், அழகிய அச்சமைப்புடன் அது வெளிவந்ததும், பெண்கள் கோர்த்த பக்கம் பிழை மலிந்ததாக இருக்கும் என்ற பேச்சுக்கு விடையாயின. விக்டோரியா அரசி அந்நூலின் காணிக்கையை ஏற்றுக்கொண்டார். 1862-இல் எமிலி ஃபெய்த்ஃபுல் அரசியின் அச்சாளராகவும் வெளியீட்டாளராகவும் நியமிக்கப்பட்டார். அதே காலத்தில் நீராவியால் இயங்கும் அச்சு இயந்திரங்கள் ஃபேரிங்டன் தெருவில் அமைக்கப்பட்டு, தொழில் விரிவடைந்தது.

1863 மே மாதத்தில் 'விக்டோரியா மேகசின்' என்னும் மாத இதழை அவர் தொடங்கினார். பின்னாளில் கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியை நிறுவியவர்களுள் ஒருவரான எமிலி டேவிஸ் தொடக்கத்தில் அதன் ஆசிரியப் பொறுப்பை வகித்தார். கிறிஸ்டினா ரொசெட்டியின் கவிதையும் மேத்யூ ஆர்னால்டின் கட்டுரையும் அதில் வெளிவந்தன. கதையும் கவிதையும் விரும்பி வாங்கும் வாசகர், அவற்றுக்கு அருகிலேயே பெண்களின் கல்வி, வேலை, சட்டநிலை பற்றிய கட்டுரைகளையும் காணும்படி இதழ் அமைக்கப்பட்டது. 1880 வரை, பதினேழு ஆண்டுகள், அது நின்று நிலவியது. எழுதியவர், பதிப்பித்தவர், எழுத்துக் கோர்த்தவர் என அதன் ஒவ்வொரு படியிலும் பெண்கள் இருந்தனர்.

1864: ஒரு வழக்கும் ஒரு பெயரும்

இவ்வாறு வளர்ந்துவந்த வாழ்வை 1864-இல் ஒரு வழக்கு உலுக்கியது. கடற்படைத் தளபதி ஹென்றி காட்ரிங்டன் தம் மனைவி ஹெலன் மீது தொடுத்த மணவிலக்கு வழக்கே அது. 1857-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மணவிலக்கு வழங்கும் அதிகாரம் திருச்சபை நீதிமன்றங்களிடமிருந்தும் நாடாளுமன்றத்திடமிருந்தும் புதியதொரு நீதிமன்றத்துக்கு மாறியிருந்தது. அச்சட்டத்தின்படி மனைவியின் பிறழ்வை மெய்ப்பித்தாலே கணவனுக்கு மணவிலக்கு கிடைக்கும். மனைவியோ கணவனின் பிறழ்வோடு கொடுமை, கைவிடல் போன்ற மற்றொரு குற்றத்தையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். வழக்கின் செய்திகள் நாளிதழ்களில் விரிவாக வெளியானதால், நீதிமன்றத்தில் ஒருவர் பெயர் உச்சரிக்கப்படுவதே ஒரு தண்டனையாக அமைந்தது.

எமிலி 1850-களின் நடுவில் சில ஆண்டுகள் காட்ரிங்டன் இல்லத்தில் ஹெலனின் நெருங்கிய தோழியாகத் தங்கியிருந்தவர். 1856-இல் தளபதி எமிலியிடம் வன்முறையாக நடக்க முயன்றார் என்னும் குற்றச்சாட்டு ஹெலன் தரப்பில் வைக்கப்பட்டது. அதை உறுதிசெய்யும் ஆவணத்தில் எமிலியின் கையொப்பமும் இருந்தது. முதல் விசாரணையின்போது அவர் நீதிமன்றத்துக்கு வரவில்லை. பின்னர் சாட்சிக் கூண்டில் ஏறியபோது அந்த ஆவணத்தின் கூற்றை அவர் உறுதிப்படுத்தவில்லை. தளபதி தரப்போ, ஹெலனுக்கும் எமிலிக்கும் இடையிலிருந்த நட்பின் தன்மை குறித்து ஐயம் எழுப்பியது. வழக்கு தளபதிக்குச் சாதகமாக முடிந்தது. குற்றம் சாட்டப்பட்டவராகவோ வழக்காளியாகவோ இல்லாத எமிலி, தம் பெயரின் தூய்மையை அங்கே இழந்தார்.

அவர் ஏன் முதலில் ஒன்றைக் கையொப்பமிட்டுப் பின்னர் அதிலிருந்து விலகினார் என்பதை ஆராய்ந்தோர் பல வகையில் விளக்கியுள்ளனர். எவ்விளக்கத்தை ஏற்றாலும் ஒன்று தெளிவு: உண்மை என்று சொன்னாலும் பொய் என்று சொன்னாலும் அவருக்கு இழப்பே காத்திருந்தது. வன்முறை முயற்சியை ஒரு மணமாகாத பெண் பொது மன்றத்தில் விவரிப்பதும் இழிவாகக் கருதப்பட்டது. விவரிக்க மறுப்பதும் பொய்மையாகக் கருதப்பட்டது. பெண்களின் பொதுவாழ்வு நுழைவை எதிர்த்தவர்கள் சிறு களங்கத்தையும் பெரிதாக்கக் காத்திருந்த காலமாதலால், லாங்ஹாம் பிளேஸ் தோழியர் இயக்கத்தின் நற்பெயரைக் காக்கும் பொருட்டு அவரிடமிருந்து விலகினர். ஒரு ஆண் தொழிலதிபர் கடனில் மூழ்கினால் மட்டுமே இழக்கும் நம்பிக்கையை, ஒரு பெண் தொழிலதிபர் பிறர் வீட்டு வழக்கில் பெயர் அடிபட்டதற்காக இழந்தார்.

அச்சகத்தில் பங்குதாரராகச் சேர்ந்திருந்த வில்லியம் வில்ஃப்ரெட் ஹெட் 1867-இல் அச்சுத்தொழிலைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். எமிலி வெளியீட்டாளராகவும் இதழாசிரியராகவும் தொடர்ந்தார். பெண் கம்பாசிட்டர்களோ நிறுவனர் விலகிய பின்னும் அங்கே எழுத்துக் கோர்த்துக்கொண்டே இருந்தனர். 1869-இல் ஹெட், அச்சகத்தின் வரலாற்றையும் அதன் நியாயத்தையும் விளக்கி ஒரு சிறு நூலே வெளியிட்டார். தனிமனிதரின் பெயர் சிதைந்தபோதும் தொழில் சிதையாமல் நின்றதற்கு, அது அறச்செயலாக இல்லாமல் கற்றுத்தேர்ந்த கைகளின் திறமையாக ஊன்றப்பட்டதே காரணம்.

மேடையிலும் கடல் கடந்தும்

எமிலி பொதுவாழ்விலிருந்து ஒதுங்கவில்லை. 1868-இல் 'சேஞ்ச் அப்பான் சேஞ்ச்' என்னும் நாவலை எழுதினார். அடுத்த ஆண்டு, பெண்கள் பொதுப் பொருள் குறித்து மேடையேறிப் பேசவும் விவாதிக்கவும் பழகும் களமாக விக்டோரியா விவாதச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பெண்கள் கூட்டத்தில் வாய்திறப்பதே முறைகேடெனக் கருதப்பட்ட காலத்தில், வாக்குரிமை மேடைகளுக்கு வேண்டிய சொல்வன்மையை இத்தகைய அரங்குகளே வளர்த்தன. 1874 முதல் 1876 வரை 'விமன் அண்ட் வொர்க்' என்னும் வார இதழை நடத்தி, வேலை தேடும் பெண்களையும் வேலை தருவோரையும் இணைக்க முயன்றார். அதே பத்தாண்டில், தொழிற்சங்க அமைப்பாளர் எம்மா பேட்டர்சனின் முயற்சியால் பெண்கள் அச்சுச் சங்கம் என்னும் நிறுவனம் லண்டனில் தோன்றியது. பேட்டர்சன் தாமே எழுத்துக் கோர்க்கக் கற்றவர். விக்டோரியா அச்சகம் திறந்த வழியில் நடந்த அந்நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இயங்கியது.

1872-இல் எமிலி முதன்முறையாக அமெரிக்கா சென்று சொற்பொழிவாற்றினார். 1880-களின் தொடக்கத்தில் மேலும் இருமுறை சென்றார். இப்பயணங்களின் விளைவாக 1884-இல் வெளிவந்த 'த்ரீ விசிட்ஸ் டு அமெரிக்கா' என்னும் நூல், கல்லூரிகளிலும் மருத்துவத்திலும் அலுவலகங்களிலும் தொழிற்கூடங்களிலும் அமெரிக்கப் பெண்கள் எவ்வாறு இடம்பெறத் தொடங்கினர் என்பதை விவரிக்கிறது. பயண நூலாக வாசிக்கப்பட்டாலும், எந்தத் தொழிலில் பெண்ணுக்கு இடமுண்டு, என்ன கூலி என்னும் கேள்வியே அதன் உள்ளிழை.

இறுதி ஆண்டுகளில் அவர் மான்செஸ்டர் நகரில், இல்ல அலங்காரத் தொழிலில் புகழ்பெற்ற சார்லட் ராபின்சனுடன் வாழ்ந்தார். ராபின்சனும் அரசியின் நியமனம் பெற்ற தொழில்முனைவோரே. 1888-இல் அரசி, பெண்களின் நலனுக்காக எமிலி ஆற்றிய முப்பதாண்டுப் பணியைப் பாராட்டித் தம் உருவப்படத்தை அளித்தார். அடுத்த ஆண்டு அரசு ஆண்டுக்கு 50 பவுண்டு ஓய்வூதியம் வழங்கியது. 1895 மே 31 அன்று, அறுபது வயது நிறைந்த நான்காம் நாளில், அவர் மான்செஸ்டரில் காலமானார்.

மதிப்பீடு

எமிலி ஃபெய்த்ஃபுல் பயிற்றிய பெண்களின் எண்ணிக்கை சிறிது. லண்டன் அச்சுத்தொழிலின் பெரும்பரப்பு அவருக்குப் பின்னும் நெடுங்காலம் ஆண்கள் வசமே இருந்தது. எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் விக்டோரியா அச்சகம் ஒரு சிறு முயற்சியாகவே தோன்றும். ஆனால் அது மாற்றியது வாதத்தின் நிலையை. 1860-க்கு முன், பெண்களால் இத்தொழில் இயலுமா என்பது கேள்வியாக இருந்தது. அதன்பின், இயலும் என்று தெரிந்தும் ஏன் அனுமதிக்கவில்லை என்பதே கேள்வியாயிற்று. மெய்ப்பிக்கும் பொறுப்பு பெண்களிடமிருந்து அவர்களைத் தடுத்தவர்களுக்கு இடம் மாறியது.

அவருடைய வாழ்வு உணர்த்தும் மற்றொரு உண்மையும் உண்டு. தொழில் மட்டும் பெண்ணுக்குப் போதிய அரணாக அமையவில்லை. அரசியின் நியமனமும் நாடறிந்த அச்சகமும் கையிலிருந்தும், சமமற்ற மணவிலக்குச் சட்டமும் இரட்டை ஒழுக்க அளவுகோலும் ஒரே ஆண்டில் அவரை நண்பர்களற்றவராக்கின. சட்டம் மட்டும் போதும் என்று கூறுவதற்கும் இடமில்லை. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் மனைவியின் கூலியை மனைவிக்கே உரியதாக்கியபோது, அக்கூலியை ஈட்டும் தொழில் அவள் கையில் இருந்தால்தான் அச்சட்டத்திற்குப் பொருள் ஏற்பட்டது. கூலியும் சட்டமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. அவற்றுள் முதலாவதை முக்காலியும் எழுத்துப் பெட்டியும் ஈயமுமாகக் கண்முன் நிறுத்தியவர் எமிலி ஃபெய்த்ஃபுல். இரண்டாவதை நோக்கி, 1866 ஜூனில் 1,499 பெண்களின் கையெழுத்துகளோடு ஜான் ஸ்டூவர்ட் மில் நாடாளுமன்றத்தில் அளித்த வாக்குரிமை மனுவின் வரலாறு அடுத்த அத்தியாயத்தில் இடம்பெறும்.